துப்பும் கூடையும் பிடிக்கும் கூடையும்: கல்லடியில் நான்கு டிஸ்க் கோல்ஃப் கூடைகள்

நோர்வேயில் வாழும் என் தங்கையின் மகன், விடுமுறைக்கு மட்டக்களப்புக்கு வரும்போதெல்லாம் சொக்லேட் பெட்டிகளுக்குப் பதிலாக இரும்புச் சாமான்களைக் கொண்டுவரத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அவன் அங்கே டிஸ்க் கோல்ஃப், அதாவது பிளாஸ்டிக் தட்டைக் கூடைக்குள் எறியும் விளையாட்டு, விளையாடுபவன். முதல் தடவை, துணியால் ஆன மடிப்புக் கூடை ஒன்று அவனுடைய பயணப்பெட்டிக்குள்ளேயே வந்தது. அடுத்த தடவை மெல்லிய சங்கிலிகள் கொண்ட, கழற்றிப் பூட்டக்கூடிய கூடை வந்தது. பின்னர் கப்பற் பொதியில், தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டிய பெரிய கூடை வந்து சேர்ந்தது. நான்காவதைக் காத்தான்குடியிலுள்ள ஒரு வெல்டிங் கடையில் நாங்களே செய்வித்தோம். இந்த நான்கையும் கல்லடிக் கடற்கரைக்கு அண்மையிலுள்ள எங்கள் வளவில் நிறுத்தி, எது தட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, எது பிடித்ததுபோல் காட்டிவிட்டுத் துப்பிவிடுகிறது என்று ஒரு கச்சான் காற்றுக் காலமும் அடுத்து வந்த மாரியும் பார்த்ததன் விளைவே இந்த மதிப்பீடு. எங்கள் கூடைகளின் நிறுவனப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வாங்க நினைப்பவருக்குக் கூடையின் வகையும் அமைப்பும் தெரிந்தால் போதும்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கோல்ஃப் போலவே, குறைந்த எறிகளில் இலக்கை அடைபவர் வெல்வார். பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலாகக் கூடை. கூடை என்பது ஒரு நடுத்தண்டு, அதன் உச்சியில் ஒரு வளையம், வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கம்பித் தொட்டி ஆகியவற்றாலானது. தட்டு சங்கிலியில் மோதி, வேகமிழந்து, தொட்டிக்குள் விழுந்தோ சங்கிலியில் சிக்கியோ நிற்க வேண்டும். கூடையின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அது கணக்கில் சேராது. வாம்-ஓ என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தில் பிரிஸ்பீ எனும் பறக்கும் தட்டுகளை மேம்படுத்திய எட் ஹெட்ரிக், 1975 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் ஆடுகளம் அமைத்தபோது, தொடக்கத்தில் வெறும் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்ற வாக்குவாதம் ஓயாமற்போகவே, அவரும் அவருடைய மகனும் சேர்ந்து சங்கிலிக் கூடையை உருவாக்கினார்கள். அதற்கான காப்புரிமை 1977 இல் கிடைத்தது. சண்டையைத் தீர்க்கப் பிறந்த அந்தக் கூடை புதியதொரு சண்டையைத் தொடக்கி வைத்தது: பட்டது உண்மை, சத்தமும் கேட்டது, ஆனால் தட்டு நிற்கவில்லையே, அது எறிந்தவர் குற்றமா, கூடையின் குற்றமா? 2002 இல் ஹெட்ரிக் காலமானபின் அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன. அவற்றில் ஒன்றையேனும் ஏதாவதொரு கூடை துப்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் சோதனை எளிமையானது. ஐந்து மீற்றர், எட்டு மீற்றர், பத்து மீற்றர் தூரங்களில் மணலில் கயிறு கட்டினோம். பத்து மீற்றரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விதிகளின்படி அந்த வட்டத்துக்குள் நின்று எறிபவர், எறிந்த பின் நிலைதடுமாறாமல் நின்றுகாட்டிய பிறகே முன்னால் அடியெடுத்து வைக்கலாம். எறிந்தவர்களில் மூன்று விதமானவர்கள் இருந்தார்கள். மருமகன் மணிக்கட்டைச் சுண்டித் தட்டைத் தாழ்வாகவும் வேகமாகவும் கடும் சுழற்சியோடும் விடுபவன். நான், அறுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன், தட்டை மெதுவாக மேலே தள்ளிக் கூடைக்குள் இறங்கவிடுபவன். அயலிலுள்ள பாடசாலைப் பையன்கள் நான்கைந்து பேர், கிரிக்கெட் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை விக்கெட் காப்பாளருக்கு வீசுவதுபோல் எறிபவர்கள். எல்லோரும் 175 கிராம் அளவிலான, பட்டர் (putter) என்று அழைக்கப்படும் மழுங்கிய விளிம்புத் தட்டையே பயன்படுத்தினோம். எறிபவரின் குணத்தைச் சொல்லாமல் கூடையின் குணத்தைச் சொல்வது அரைகுறையாகவே முடியும். என் கைக்கு மிக நல்லதாகத் தெரிந்த ஒரு கூடை மருமகனின் கைக்கு மோசமானதாக இருந்தது.

துணிக் கூடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் சங்கிலிகள் இல்லை. குடைபோல விரியும் கம்பிச் சட்டத்தில் நைலோன் பட்டிகள் தொங்குகின்றன. மெதுவான எறிகளை அது பிடிக்கிறது, கடுமையான எறிகளை வாங்கிக்கொண்டு தானும் விழுந்துவிடுகிறது. கச்சான் வீசும் நாட்களில் எறிபவர் இல்லாமலே விழுந்துகிடக்கும். பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்பதைத் தவிர வேறு பெருமை அதற்கில்லை. சங்கிலியின் சத்தம் இல்லாமற்போவதும் ஒரு குறைதான்; தட்டு நன்றாகப் பட்டதா, ஓரத்தில் உரசியதா என்பதை எறிபவர் காதால்தான் முதலில் அறிகிறார்.

கழற்றிப் பூட்டும் கூடையே இந்த மதிப்பீட்டில் எனக்கு அதிக வேலை வைத்தது. பார்வைக்கு அது பெரிய கூடையின் தம்பிபோலவே இருக்கிறது. சங்கிலிகளின் எண்ணிக்கையும் குறைவில்லை. பெட்டியில் அதையே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு சங்கிலியும் பெண்பிள்ளைகளின் காற்சங்கிலியைவிடச் சற்றே தடித்தது என்று சொல்லலாம். ஐந்து மீற்றரிலிருந்து நான் எறிந்தவை ஏறக்குறைய எல்லாமே நின்றன. அதே இடத்திலிருந்து மருமகன் எறிந்தபோது, இருபதில் நான்கைந்து எறிகள், தண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பட்டவை, சங்கிலியைத் திரைச்சீலைபோல விலக்கிக்கொண்டு மறுபக்கத்தால் வெளியே போய் விழுந்தன. தட்டு முன்னால் வர, சங்கிலி அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளவேண்டும். வாங்கிக்கொள்வதற்குச் சங்கிலியில் கனம் இருக்கவேண்டும். இலேசான சங்கிலி எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒதுங்கிவிடுகின்றன. ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவார்.

இங்கே ஒரு விடயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதை அறியாமல் நாங்கள் முதல் வாரம் முழுவதும் கூடையைத் திட்டிக்கொண்டிருந்தோம். வலக்கைக்காரர் புறங்கை வீச்சாக எறியும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகாரமுள் செல்லும் திசையில் சுழலும். அது தண்டின் வலப்புறமாகப் பாயும்போது, தட்டின் இடது விளிம்பே தண்டையும் அதை ஒட்டிய சங்கிலிகளையும் உரசுகிறது. அந்த விளிம்பு சுழற்சியால் முன்னோக்கி ஓடிக்கொண்டிருப்பது. எனவே உரசல் முழுவதும் தட்டைப் பின்னுக்கு இழுக்கிறது, தட்டு நடுவிலே சுருண்டு தொட்டிக்குள் விழுகிறது. இடப்புறமாகப் பாயும்போது வலது விளிம்பு உரசுகிறது. அந்த விளிம்போ பின்னோக்கிச் சுழல்வது; தட்டின் முன்வேகமும் விளிம்பின் பின்சுழற்சியும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, சங்கிலிக்குப் பற்றிக்கொள்ள அதிகம் மிஞ்சுவதில்லை; தட்டு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் வலக்கைக்காரருக்குக் கூடையின் வலப்பக்கம் பலமான பக்கம், இடப்பக்கம் பலவீனமான பக்கம். இடக்கைக்காரருக்கு இது மாறிவரும். எங்களோடு விளையாடிய பையன்களில் ஒருவன் இடக்கைக்காரன், அவனை எதிர்ப்பக்கச் சாட்சியாக வைத்துத்தான் இதை உறுதிசெய்தோம். நல்ல கூடை எது, மோசமான கூடை எது என்பதை இந்தப் பலவீனமான பக்கத்தில் மட்டுமே அறிய முடியும். நடுவில் பட்டால் எந்தக் கூடையும் பிடிக்கும்.

பெரிய கூடையின் மேன்மை அந்தப் பக்கத்தில்தான் தெரிந்தது. அதில் சங்கிலிகள் இரண்டு அடுக்காகத் தொங்குகின்றன: அகன்ற வெளிவட்டம் ஒன்று, தண்டை நெருங்கிய உள்வட்டம் ஒன்று. வெளியடுக்கு தட்டின் வேகத்தை வாங்குகிறது, உள்ளடுக்கு அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஒற்றை அடுக்குக் கூடையில் வெளிச்சங்கிலியைத் தாண்டிய தட்டுக்கு முன்னால் வெறும் இரும்புத் தண்டுதான் நிற்கும். அதில் மோதினால் வந்த வழியே திரும்பி வருவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இன்று போட்டிகளில் நிறுத்தப்படும் கூடைகளில் 24, 28 சங்கிலிகள் வரை காணலாம். இன்னோவா நிறுவனத்தின் டிஸ்கேச்சர் புரோ வகையில் 28 உண்டு. எங்கள் பெரிய கூடையில் 24. மருமகன் பத்து மீற்றரிலிருந்து இடப்பக்கத்தைக் குறிபார்த்தே எறிந்தும், வெளியே வந்தவை மிகச் சிலவே. பையன்களின் எல்லைக்கோட்டு எறிகளைக்கூட அது பெரும்பாலும் விழுங்கிவிட்டது.

ஆனால் என் மெதுவான எறிகளை அது இலேசான கூடையைவிடச் சற்றுக் குறைவாகவே பிடித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். காரணம் கனமேதான். மெதுவாக வந்து ஓரத்தில் படும் தட்டுக்கு அந்தச் சங்கிலி ஒதுங்கிக் கொடுப்பதில்லை. தட்டு முகப்பிலேயே நின்று, தொட்டியின் விளிம்பில் விழுந்து, உள்ளே போவதா வெளியே போவதா என்று யோசித்துவிட்டு வெளியே போகும். அதைத் தடுப்பதற்காகத்தான் மேல்வளையத்தைவிடத் தொட்டியை அகலமாகச் செய்கிறார்கள். முகப்பிலிருந்து நேரே கீழே விழும் தட்டுக்கும் இடம் வேண்டுமல்லவா. தொட்டியின் ஆழமும் முக்கியம். தாழ்வாக வந்து தண்டின் அடியில் மோதித் திரும்பும் தட்டை ஆழமான தொட்டி மட்டுமே தடுத்து வைக்கும். இந்த இரண்டிலும் பெரிய கூடை நன்றாகவே இருக்கிறது. இலேசான கூடையின் தொட்டியோ சோற்றுத் தட்டுப்போல ஆழமற்றது.

சங்கிலி ஒதுங்கும் கூடையில் பழகினால் குறி கூர்மையாகும் என்று மருமகன் வாதாடுவான். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரியாக எறிந்த தட்டு வெளியே விழும்போது பிள்ளை தன் கையைச் சந்தேகிக்கிறது, கையை மாற்றுகிறது, சரியாக இருந்ததும் கெட்டுப்போகிறது. மட்டக்களப்பு கூடைப்பந்தை நன்கறிந்த ஊர். புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் அந்த விளையாட்டை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளின் பெயரிலேயே நகரின் மைதானம் இன்றும் விளங்குகிறது. அந்த மரபில் வந்த எந்தப் பயிற்றுநரும் வளைந்துபோன வளையத்தை மாட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பழகச் சொல்லமாட்டார்.

இனி, எந்த விளம்பரத்திலும் காணப்படாத விடயத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. இலேசான கூடையின் சங்கிலிகள் மெல்லிய துத்தநாகப் பூச்சு மட்டுமே கொண்டவை. மாரி தொடங்குமுன்பே கண்ணிகள் சந்திக்கும் இடங்களில் கறள் காணப்பட்டது. வாடைக் காற்று மழையோடு வந்து போனபின் சில கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்பிடித்துவிட்டன. கறள் பிடித்தால் பார்வைக்குத்தான் கேடு என்று நினைத்திருந்தேன், அது தவறு. கண்ணி அசையாத சங்கிலி, சங்கிலியாகவே இருப்பதில்லை; கம்பியாகிவிடுகிறது. தட்டைச் சுற்றி வளைந்து தழுவவேண்டிய அது, தடிபோல நின்று தட்டைத் தள்ளிவிடுகிறது. கறளுக்கு முன் பிடித்த எறியை அதே கூடை கறளுக்குப் பின் துப்பியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தோம். தட்டெல்லாம் வழுக்கி, இரண்டு நாள் யாராலும் ஒழுங்காகப் பிடித்து எறிய முடியவில்லை. கிணற்று நீரால் வாரத்துக்கொரு தடவை கழுவி, வெயிலில் உலரவிட்டு, கையால் உலுக்கிவிடுவதே நாங்கள் கண்ட ஒரே மருந்து. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த பூச்சுக் கொண்ட பெரிய கூடை இதுவரை பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. மரையாணிகளில் மட்டும் சிறிது கறள் தெரிகிறது.

மணலும் தன் பங்குக்குச் சோதித்தது. கழற்றிப் பூட்டும் கூடையின் அடிக்கால்கள் புல்தரைக்காகச் செய்யப்பட்டவை. மணலில் ஒருபக்கம் புதைந்து தண்டு சாய்ந்துவிடும். தண்டு சாய்ந்தாலும் வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலி நேர் கீழாகவே தொங்கப் பார்க்கும்; ஆகவே ஒரு பக்கத்தில் சங்கிலிகள் தண்டோடு ஒட்டிக்கொள்ள, மறுபக்கத்தில் ஒரு தட்டு புகுந்து போகுமளவுக்கு வாசல் திறந்துவிடும். சில நாட்களில் இந்த வாசலும் வலக்கைக்காரரின் பலவீனமான பக்கமும் ஒன்றாகவே வாய்த்துவிட்டன. போட்டிக்கான தொழில்நுட்ப அளவுகளின்படி தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 82 சென்ரிமீற்றர் உயரத்தில், ஆறு சென்ரிமீற்றர் கூடக்குறைய இருக்கலாம்; புதைந்த கூடை அந்த எல்லையையும் தாண்டியிருந்தது. அடியில் பழைய பலகையொன்றைப் புதைத்த பிறகுதான் சோதனையை மறுபடியும் முதலிலிருந்து செய்தோம்.

நான்காவது கூடை உருவான கதை, மதிப்பீட்டின் ஒரு பகுதியாகவே வருகிறது. இரண்டு துவிச்சக்கரவண்டி ரிம்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்: மேல்வளையத்துக்கு 26 அங்குல ரிம், தொட்டியின் விளிம்புக்கு 28 அங்குல ரிம். விளையாட்டுக்கேற்ற அளவுகளுக்கு அவை வியப்பூட்டும் வகையில் நெருங்கி வருகின்றன. அதோடு கம்பி பூட்டும் துளைகள் சமதூரத்தில் தயாராகவே இருப்பதால் சங்கிலி தொங்கவிடுவதற்கு வேறு வேலை வைக்கவேண்டியதில்லை. தண்டுக்குக் கல்வனைஸ் குழாய். முதலில் நாய்ச்சங்கிலி வாங்கிப் போட்டோம். இலேசான கூடையின் குறை அப்படியே வந்தது. கோபத்தில் வள்ளத்து நங்கூரச் சங்கிலியைக் கொண்டுவந்து தொங்கவிட்டேன். தட்டு மதிலில் பட்டதுபோல் திரும்பிவந்தது, ரிம்மும் வளையத் தொடங்கியது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “சேர், இது பாரத்தில மட்டும் இல்ல, தொங்குற மாதிரியிலயும் இருக்கு. கொஞ்சம் தொய்வு விட்டுப் பாருங்க” என்றார். அவர் சொன்னது சரி. நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள, மாடு கட்டுவதற்கு விற்கும் சங்கிலியை எடுத்து, நுனிகளைத் தண்டின் அடியிலுள்ள ஒரு சிறு வளையத்தில் இறுக்கமின்றி மாட்டி, வெளியே பன்னிரண்டும் உள்ளே ஆறுமாகத் தொங்கவிட்டோம். இறுக்கமாகக் கட்டிய சங்கிலி வீணைக் கம்பிபோலத் தட்டை மீட்டி எறிந்துவிடும். தொய்வாக விட்டது, மடிபோல வாங்கிக்கொள்ளும்.

முடிவு எனக்கே வியப்பாக இருந்தது. மருமகனின் வேகமான எறிகளை எங்கள் கூடை, பெரிய கூடைக்குச் சற்றுப் பின்னால், இலேசான கூடைக்கு வெகு முன்னால் நின்று பிடித்தது. என் மெதுவான எறிகளை நான்கிலும் மிக நன்றாகப் பிடித்தது அதுதான். குறைகளும் உண்டு. பதினெட்டுச் சங்கிலிகளுக்கிடையே இடைவெளி அதிகம் என்பதால், தட்டு பக்கவாட்டில் சரிந்து வந்தால் கத்திபோல நடுவால் புகுந்து போய்விடுகிறது. தொட்டியின் விளிம்பாகிய ரிம் உட்குழிவானது. மழை நாளில் அதில் நீர் நின்று நுளம்பு பெருகிற்று, துளை போட்டுத்தான் வடியவிட்டோம். டெங்குப் பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தர் எங்கள் விளையாட்டை அவ்வளவாக இரசிக்கவில்லை.

பாடசாலைக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ ஒரு நிரந்தரக் கூடை வேண்டுமென்றால், பணமும் பொதி அனுப்ப வெளிநாட்டில் ஆளும் இருப்பவர்கள் இரண்டடுக்குச் சங்கிலியும் தடித்த துத்தநாகப் பூச்சும் கொண்ட கனமான கூடையையே தருவிக்கலாம். அதன் தண்டைச் சீமெந்தில் நாட்டிவிட்டால் மணற்பிரச்சினையும் தீரும். கடலிலிருந்து தொலைவில், அம்பாறைப் பக்கம் உள்நாட்டில் இருப்பவர்களுக்குக் கறள் பற்றிய என் பயம் அவ்வளவு பொருந்தாது. அவர்கள் இலேசான கூடையை மெதுவாக எறிபவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தாராளமாக வாங்கலாம். இரண்டும் முடியாதவர்கள் இரண்டு ரிம்களோடு ஒரு வெல்டிங் கடையைத் தேடிப்போகலாம், ஆனால் நாய்ச்சங்கிலிக்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம். நாங்கள் இன்னும் இரண்டு செய்யக் கொடுத்திருக்கிறோம். இம்முறை வெளியே பதினாறு, உள்ளே எட்டுச் சங்கிலிகள். தொட்டியின் விளிம்புக்கு ரிம்முக்குப் பதிலாக வளைத்த குழாய். ஆழமும் நான்கு விரல் அதிகம். வாடை தொடங்குமுன் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நங்கூரச் சங்கிலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்படியும் சொல்லியிருக்கிறார்.